ஓரியூர்ச் செம்மண்

அம்மாவின் நேர்த்திக்கடன் ஒன்று பாக்கி இருந்தது. ஏழு வயதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் கோவில்கொண்ட புனிதர் அருளானந்தருக்குத் தென்னங்கன்று கொடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். முப்பது வருஷம் தள்ளிப்போன கடன். இப்போது அவரால் பஸ் ஏற முடியாது. "நீ போய்க் குடுத்துட்டு வந்துரு, போதும்" என்றார். பூசை பார், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய் என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார் போல.

நான் கோவிலுக்குப் போவதை நிறுத்தியதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. திருப்பூரில் வேலை, ஞாயிறு ஒருநாள்தான் தூங்கலாம். காலைப் பூசை மாலைப் பூசை ஆனது, அப்புறம் யூடியூப் பூசை ஆனது. அதிலும் பிரசங்கம் முடிவதற்குள், நாளைக்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று பேசும் வீடியோவுக்குத் தாவிவிடுவேன். பங்குச் சந்தையில் ஆப்ஷன், அதாவது விலை ஏறும் இறங்கும் என்று பந்தயம் கட்டுவது போன்ற ஒப்பந்தம், வாங்கி விற்கும் பைத்தியம் பிடித்திருந்தது. எவ்வளவு விட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன், அம்மா படித்தாலும் படிப்பார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கன்றும் கையுமாகத் திருவாடானையில் பஸ் மாறினேன். பங்குச் சந்தை நடக்கும் நாள். ஓரியூர் போய்ச் சேருவதற்குள் நாலைந்து முறை விலை பார்த்தாயிற்று.

அங்கே முதலில் கண்ணில் படுவது மண்தான். நல்ல சிவப்பு. புனிதரின் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது நம்பிக்கை. செம்மண் புனிதர் என்றே அவரைச் சொல்வார்கள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தது. தகப்பன் நெற்றியில் திருநீறு. இந்த ஊரில் அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

அருளானந்தர் கதை சிறுவயதிலேயே தெரியும். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ. காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு மறவர் நாட்டில் போதித்தவர். 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே தலை வெட்டப்பட்டார். சாவைப் பற்றியே கேட்டு வளர்ந்ததால் நடுவில் இருந்த ஒன்றை நான் கவனித்ததே இல்லை. 1686இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, விடுதலையாகி அவர் ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறார். சிறுவயதில் அரண்மனையில் அவரோடு வளர்ந்த பேதுருதான் அப்போது போர்ச்சுகல் மன்னர். இங்கேயே இருந்துவிடு என்று மன்னர் கேட்டிருக்கிறார். அரண்மனைச் சாப்பாடு, மரியாதை, உயிருக்கு ஆபத்தில்லை. அதை விட்டுவிட்டு 1690இல் மறுபடி கப்பலேறியிருக்கிறார், இந்த வெயிலுக்கு. வெட்டப்பட்ட நாள், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வேறு. 'மண்ணுக்கே திரும்புவாய்' என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசுகிற நாள்.

கன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதாகத்தான் திட்டம். சாமியார் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் இரண்டே பேர். ஏன் போய் நின்றேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முழங்காலிட்டதும் ஆரம்ப செபம் மறந்துபோயிற்று. "கடைசியா எப்ப தம்பி செஞ்சீங்க?" என்றார். "ஒன்பது வருஷம் இருக்கும் சாமி." ஒரு நீண்ட பிரசங்கத்தை எதிர்பார்த்துக் குனிந்திருந்தேன். "சரி, வந்துட்டீங்கல்ல. சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். இரண்டாவதில் பாதியில் தடுமாறினேன். பக்கத்தில் ஒரு பாட்டி செபமாலையைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டு போனேன். மூன்றில் நிறுத்த மனசு வரவில்லை. செபமாலையின் அந்தப் பத்து மணிகளையும் அவரோடு சொல்லி முடித்தேன்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். திரையில் சந்தை முடிந்துவிட்டதாக ஏதோ செய்தி கிடந்தது. கன்று கொடுத்தாயிற்று, பாவசங்கீர்த்தனமும் செய்தேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "மண்ணு எடுத்தியா?" என்றார்.

எடுக்கவில்லை. திரும்ப உள்ளே போய்க் கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்துகொண்டு வருவதற்குள் பஸ் போய்விட்டிருந்தது.