வலமிருந்து இடமாக

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், இந்த வாரம் நவோகி உரசாவாவின் ‘புளூட்டோ’ மங்காவின் (வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானியச் சித்திரக்கதை) முதல் இரண்டு தொகுதிகளைப் படித்து முடித்தேன். 1964-இல் ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரில் சிறுவர்களுக்காக வரையத் தொடங்கிய ஒரு கதையை, உரசாவா 8 தொகுதிகள் கொண்ட துப்பறியும் கதையாக விரித்திருக்கிறார். முதல் தொகுதியில், போர்க்களத்தில் அழிவுக்கருவியாக இருந்த ரோபோ ஒன்று, பார்வையற்ற முதிய இசையமைப்பாளரின் வீட்டில் பணியாளாகச் சேர்ந்து, பியானோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறது. தன் ஆயுத உடலை நீண்ட மேலங்கியால் மூடிக்கொண்டு அது நிற்கும் சித்திரத்தை, மாம்பலம் கடந்துபோனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தொகுதி என்னை அவ்வளவு ஈர்க்கவில்லை. விசாரணை சற்று இழுக்கிறது. நான் வலமிருந்து இடமாகப் படிப்பதைக் கவனித்த பக்கத்து இருக்கைப் பெரியவர், “தம்பி, பின்னாலேருந்து படிக்கிறீங்களே, முடிவு தெரிஞ்சிடாதா?” என்று அக்கறையோடு கேட்டார்.