மூன்றாவது சிப்பின் கடைசிச் சேனல்

நேற்று மாலைதான் கடைசி ரன் முடிந்தது. இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று எவ்வளவு வேகமாகப் பிடிக்கின்றன, பிடித்தபின் எவ்வளவு நேரம் விடாமல் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களுக்காக ஏழு வாரமும் மூன்று சிப்பும் போயின. ஒரு புரதத்தைச் சிப்பின் சேனலில் ஒட்டி, மற்றதை அதன்மேல் ஓடவிட்டு, எவ்வளவு பிணைகிறது என்று திரையில் கோடாகப் பார்க்கும் முறை இது. இந்த சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசொனன்ஸை இங்கே அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. தங்கப் படலம், திரும்பும் ஒளி மங்கும் கோணம் நகர்வது, கருவி காட்டும் சமிக்ஞையில் ஒரு ஆர்யூ என்றால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பிகோகிராம் புரதம் என்பதெல்லாம் இதில் கை வைப்பவர்களுக்குத் தெரியும். நான் மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் சிப்பைக் கெடுத்தது ட்ரிஸ், புரதத்தைக் கரைத்து வைக்கும் பஃபர்களில் ஒன்று. சிப்பில் ஒட்ட வேண்டிய 50 கிலோடால்டன் புரதம் வேறொரு குழுவிடமிருந்து வந்தது. குழாயின் மேல் பெயரும் செறிவும் இருந்தன. எந்த பஃபரில் இருக்கிறது என்பது இல்லை. கூட வந்திருக்க வேண்டிய தாளும் இல்லை. கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்கலாம். ஆனால் கருவிக்கு இரண்டு வாரம் காத்திருந்து கிடைத்த நாள் அது, விட மனமில்லை. புரதம் ஒட்டுவதற்காக ஈடிசி, என்ஹெச்எஸ் என்ற வேதிக் கலவையை ஏற்றி, சிப்பின் மேல் பூசியிருக்கும் டெக்ஸ்ட்ரானைத் தூண்டினேன். புரதத்தைப் பிஹெச் 5.0 அசிடேட்டில் பத்து மடங்கு நீர்த்துச் செலுத்தினேன். கோடு சரசரவென்று ஏறும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது படுத்தே கிடந்தது. எத்தனாலமைன் போட்டு மிச்ச இடங்களை மூடியபின் பார்த்தால் 1,000 ஆர்யூ வேண்டிய இடத்தில் வெறும் 60. மீதிச் சேனலிலும் அதே கதை.

மறுநாள்தான் பதில் வந்தது: 50 மில்லிமோலார் ட்ரிஸ், 300 மில்லிமோலார் உப்பு. புரதத்தின் லைசினில் உள்ள அமீன் தொகுதிதான் தூண்டிய பரப்போடு பிணைகிறது, ட்ரிஸ்ஸிலும் அமீன் இருக்கிறது. என் புரதத்தின் லைசின் பிடிக்க வேண்டிய இடங்களை அது பிடித்துக்கொண்டது. புரதம் எதிர்மின் டெக்ஸ்ட்ரானை நெருங்கவே மின்னீர்ப்புதான் உதவுகிறது, அந்த ஈர்ப்பை உப்பு மறைத்துவிட்டது. கிருமி வராமலிருக்கப் போடும் சோடியம் அசைடும் தூண்டிய பரப்பைக் கெடுக்கும், பஃபரில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: தூண்டாத பரப்பின் மேல் பிஹெச் 4.0 முதல் 5.5 வரை புரதத்தைச் சற்று ஓடவிட்டால் ஈர்ப்பு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். புரதமும் கழுவிப் போய்விடும், சிப்பும் கெடாது. நேரம் மிச்சம் என்று நான் அதைத் தாண்டிப் போனேன். அதற்கு விலை இரண்டு வாரம்.

இரண்டாவது முறை புரதத்தை ஹெப்பெஸ் பஃபருக்கு மாற்றினேன். முதல் தோல்வியின் பயம் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஏழு நிமிடம் முழுக்க ஏற்றினேன். 5,200 ஆர்யூ ஒட்டியது. அப்போது அதை வெற்றி என்றே நினைத்தேன்.

எதிர்ப்புரதம், அதாவது மேலே ஓடவிடும் மற்ற புரதம், 25 கிலோடால்டன். எடை பாதி என்பதால், ஒன்றுக்கு ஒன்று பிணைந்தால் உச்ச சமிக்ஞையும் ஒட்டியதில் பாதி, அதாவது 2,600 ஆர்யூ. இயக்கவியல் அளவீட்டுக்கு 50 முதல் 100 வரை போதும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் திரையில் கோடுகள் அவ்வளவு அழகாக இருந்தன. பொருத்திப் பார்த்ததில் பிரியும் வேகம் நொடிக்கு 0.0001, பிணைப்பின் வலிமையைச் சொல்லும் கேடி 5 நானோமோலார். முன்பு பிணைப்பின் வெப்பத்தை அளக்கும் கலோரிமெட்ரியில் எனக்குக் கிடைத்திருந்ததும் ஏறத்தாழ அதே 5. இரண்டு முறைகளும் ஒத்துப்போன பிறகு சந்தேகமே வரவில்லை. பிணைப்பின் அரையாயுள், அதாவது பாதி பிரிய ஆகும் நேரம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் என்று ஸ்லைடும் போட்டேன்.

கூட்டத்தில் ஒரு சீனியர்தான் கேட்டார்: “ஏறுற பகுதி ஏன் ஸ்கேல் வச்சு போட்ட மாதிரி நேரா இருக்கு? ஃப்ளோவை மாத்திப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அடுத்த முறை ஒரே செறிவை நிமிடத்துக்கு 10, 30, 90 மைக்ரோலிட்டர் என மூன்று வேகங்களில் ஓட்டினேன். நான் அளப்பது பிணைப்பின் வேகம்தான் என்றால் மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். விசிறி மாதிரி விரிந்தன. பரப்பில் பிடிக்கும் இடங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால், புரதம் அங்கே வந்து சேரும் வேகத்தைத்தான் நான் அளந்திருக்கிறேன். பிரியும்போதும் அதே சிக்கல்: விடுபட்ட மூலக்கூறு ஓட்டத்தோடு போகாமல் பக்கத்து இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டது. உறுதி செய்ய, பிரியும் கட்டத்தில் சிப்பில் ஒட்டிய அதே புரதத்தைக் கரைசலில் கலந்து ஓடவிட்டேன். விடுபடுவதை அது பிடித்துக்கொள்ளும், மறுபடி ஒட்டாது. கோடு சட்டென்று இறங்கியது. என் இரண்டு மணி நேரம் பொய்.

இதில் என்னை ஏமாற்றியது கேடிதான். இந்தக் குறை சேரும் வேகத்தையும் பிரியும் வேகத்தையும் ஒன்றாகவே கீழே இழுக்கிறது. கேடி அவற்றின் விகிதம், அதனால் அது பெரிதாகக் கெடாமல் தப்பிவிடுகிறது. கேடி வேறு முறையோடு ஒத்துப்போகிறது என்பதை வைத்துத் தனித்தனி வேகங்களை நம்பிவிடாதீர்கள். ஃப்ளோ சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

மூன்றாவது சிப்பில் 150 ஆர்யூ மட்டும் ஒட்டினேன். நீர்த்த புரதம், 40 நொடி, அவ்வளவுதான். உச்சம் 75 வர வேண்டும். வந்தது, ஆனால் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு செங்குத்துப் படி. எதிர்ப்புரதம் கிளிசராலில் வைக்கப்பட்டிருந்தது. நூறு மடங்கு நீர்த்த பின்னும் மிஞ்சிய 0.1 சதவீதம் கரைசலின் ஒளிவிலகலை மாற்றி நூறு ஆர்யூவுக்கு மேல் தூக்குகிறது. புரதம் ஒட்டாத ரெஃபரன்ஸ் சேனலைக் கழித்தாலும் விளிம்பில் ஊசி மாதிரி நிற்கிறது. 2,600 ஆர்யூ கோட்டில் இது கண்ணிலேயே படவில்லை. கருவியில் ஓடும் ரன்னிங் பஃபரிலேயே டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே பஃபரை மாற்றி), வெளியே மிஞ்சிய அதே பஃபரைக் கருவிக்கும் வைத்தேன். படி போய்விட்டது.

அப்புறம் ரீஜெனரேஷன், அதாவது பிணைந்த எதிர்ப்புரதத்தைக் கழுவி அடுத்த சுற்றுக்குப் பரப்பைத் தயாராக்குவது. பழக்கத்தில் பிஹெச் 1.5 கிளைசின் என்ற கடும் அமிலக் கரைசலில் தொடங்கினேன். உச்சம் முதல் சுற்றில் 74, அடுத்ததில் 61, மூன்றாவதில் 43. ஒட்டியிருந்த புரதம் ஒவ்வொரு கழுவலிலும் செத்துக்கொண்டிருந்தது. மென்மையிலிருந்து தொடங்கிக் கடுமைக்குப் போக வேண்டும்: முதலில் ஒரு மோலார் உப்பு, பிறகு பிஹெச் 2.5, அதற்கும் விடாவிட்டால் 2.0. நான் தலைகீழாகப் போனதில் ஒரு சேனல் காலி.

மிஞ்சியது ஒரே ஒரு சேனல். அதில் ரீஜெனரேஷனே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஒரே சுற்றில், குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்கு, 0.6 முதல் 50 நானோமோலார் வரை மும்மடங்கு தாவலாக ஐந்து முறை செலுத்தி, கடைசியில் மட்டும் நீளமாகப் பிரியவிட்டேன். குறைந்தது 5 சதவீதமாவது இறங்கினால்தான் பிரியும் வேகத்தை நம்பலாம். 0.0001க்கு அது எட்டரை நிமிடம், 0.00001க்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். எனக்கு எது வரும் என்று தெரியாததால் அரை மணி நேரம் விட்டேன். வெற்று பஃபரை வைத்தும் அதே ஓட்டத்தை எடுத்துக் கழித்தேன்.

படிக்கட்டு மாதிரி ஐந்து ஏற்றம். ஒவ்வொன்றும் வளைந்து ஏறியது, நேர்கோடு ஒன்றுமில்லை. பிரியும் வேகம் நொடிக்கு 0.001, கேடி அதே 5. கோடு அடித்தளத்துக்கு இறங்கிய பிறகு ஒரே செறிவை 30, 90 மைக்ரோலிட்டர் வேகங்களில் ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். அடியில் இருந்தது கண்ணுக்கே தெரியவில்லை. ஸ்லைடைத் திறந்து இரண்டு மணி நேரத்தை அழித்துவிட்டு, பதினொன்றரை நிமிடம் என்று எழுதினேன்.