விடுதியில் எங்களை அழைக்கும் விதம்

யாழ்ப்பாணத்து வைத்தியசாலை விடுதி (வார்ட்) ஒன்றில் பணியாற்றும் தாதிக்குக் கிடைக்கும் அழைப்புகள் பல. நோயாளர்கள் பெரும்பாலும் ‘மிஸ்’ என்பார்கள். வயதானவர்கள் ‘பிள்ளை’ என்றோ ‘மோனை’ என்றோ கூப்பிடுவார்கள். வைத்தியர்களில் பலர் ‘நேர்ஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். விடுதிப் பொறுப்பாளரை மட்டும் ‘சிஸ்டர்’ என்பார்கள். ஆண் தாதியர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களைச் சீருடையில் கண்டதும் ‘டொக்டர்’ என்று எழுந்து உட்காரும் நோயாளர், விவரம் தெரிந்தபின் ‘தம்பி’ என்று இறங்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். இவ்வளவு அழைப்புகளுக்கு நடுவே எங்கள் சொந்தப் பெயர் அரிதாகத்தான் காதில் விழுகிறது.

பதவிப் பெயரால் அழைக்கப்படுவதைத் தாதியர் எல்லோரும் வெறுப்பதில்லை. புதிதாக நியமனம் பெற்றவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள்; அந்த விருப்பத்தில் நியாயமும் இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சியை முடித்து இரவுக் கடமைக்கு வந்திருக்கும் 24 வயதுப் பெண்ணிடம், பார்வையாளர் நேரம் முடிந்த பின்னும் கட்டிலருகே நிற்கும் ஒருவர் ‘கொஞ்சம் பொறும் தங்கச்சி’ என்று சொல்லும்போது, அந்த உறவுமுறையில் பாசத்தை விட, அவள் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. அந்த இடத்தில் ‘மிஸ்’ என்ற அழைப்பு அவளுடைய பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. தென்பகுதியில் முதல் நியமனம் பெற்றுச் சென்ற எம்மவர்களுக்கும், இங்கே வந்து பணிபுரியும் சிங்களத் தாதியர்களுக்கும் இரண்டு மொழியிலும் வழங்கும் அந்த ஓர் அழைப்பு எவ்வளவு உதவியாக இருந்தது என்பதை அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நோயாளர்கள் என்னை எப்படி அழைத்தாலும் எனக்குக் குறையில்லை. நடுச்சாமத்தில் வலி பொறுக்காமல் ‘மோனை, ஒருக்கால் வாங்கோ’ என்று கூப்பிடும் ஓர் அம்மாவுக்கு என் பெயரைக் கேட்டு நினைவில் வைத்திருக்க வேண்டிய கடமை எதுவுமில்லை. என் மனக்குறை, ஒரே விடுதியில் மாதக்கணக்காக எங்களோடு சேர்ந்து வேலை செய்துகொண்டே எங்கள் பெயரை அறியாதிருப்பவர்களைப் பற்றியது. அதை வெறும் மரியாதைப் பிரச்சினையாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது நோயாளரின் உயிரோடு தொடர்புடையது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒருமுறை இதயத்துடிப்பு நின்றுபோன ஒரு நோயாளரைச் சுற்றி நாங்கள் நின்றோம். நான் தலைமாட்டில், மூச்சுக் கொடுக்கும் ‘அம்பு’ பையை அழுத்திக்கொண்டிருந்தேன். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த வைத்தியர் தலையை நிமிர்த்தாமலே ‘நேர்ஸ், அட்ரினலின்’ என்று இதயத்தைத் தூண்டும் மருந்தைக் கேட்டார். மருந்துத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு தாதியரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு அம்பியூலை, அதாவது மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியை, உடைத்தார்கள். நேரத்தைக் குறிக்க வேண்டிய கை இரண்டில் ஒன்றும் பேனாவை எடுக்கவில்லை. இத்தகைய வேளையில் அட்ரினலின் 1 மில்லிகிராம் வீதம் 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை கொடுக்கப்படுவது. முதல் ஊசி எப்போது போனது என்பது தெரியாவிட்டால் அடுத்ததைத் தீர்மானிக்க முடியாது. இரண்டாவது ஊசி சேலைன் குழாயை நெருங்கியபோதுதான் அவர்கள் ஒருவரையொருவர் கண்டு நிறுத்தினார்கள். இருவரில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி, கொடுத்து முடிந்ததும் உரக்க அறிவித்திருந்தால் அந்தத் தடுமாற்றம் நேர்ந்திருக்காது. அன்று அந்த வைத்தியர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அவருக்கு அவர்களுடைய பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், தோலில் கத்தி வைப்பதற்கு முன்னர் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று கேட்கிறது. பெயரைச் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவர், பின்னர் ஒரு பிழையைக் கண்டால் அதையும் சொல்லத் துணிவார் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்க மருந்து வைத்தியரான றொப் ஹக்கெற், 2017இல் தம் பெயரையும் பதவியையும் தொப்பியிலேயே எழுதிக்கொண்டு சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகத் தொடங்கினார். பதவியை அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

இதன் பயனை நாங்களே கண்ட காலமும் உண்டு. கொரோனாக் காலத்தில் தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு அங்கியில் ஒருவரையொருவர் அடையாளம் காண வழியில்லாமல், நெஞ்சுப் பக்கத்தில் மார்க்கர் பேனையால் பெயரை எழுதி, அதன் கீழ் ‘நேர்ஸ்’ என்றும் எழுதிக்கொண்டோம். முகமே தெரியாத அந்த நாட்களில்தான் வைத்தியர்கள் எங்களைப் பெயர் சொல்லி அதிகம் அழைத்தார்கள். அங்கிகள் கழன்றதும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது.

மாற்றம் எங்கள் பக்கத்திலிருந்தும் வரவேண்டும். தொலைபேசியை எடுத்தால் ‘வார்ட்டிலயிருந்து நேர்ஸ் கதைக்கிறன்’ என்று நாங்களே பெயரில்லாமல் பேசுகிறோம். நோயாளரை ‘14ஆம் கட்டில்’ என்கிறோம். இங்கிலாந்தில் தாமே நோயாளியாகக் கிடந்த வைத்தியர் கேற் கிறேஞ்சர், தம்மைப் பராமரித்த பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டு 2013இல் தொடங்கிய இயக்கம், பெயர் சொல்லி அறிமுகமாவதைத்தான் கேட்டது.

எங்கள் விடுதிப் பொறுப்புச் சகோதரி இப்போது ஒவ்வொரு கடமை மாற்றத்தின்போதும் வெண்பலகையில் கட்டில் இலக்கங்களுக்கு எதிரே பொறுப்பான தாதியின் பெயரை எழுதுகிறார். புதிதாக வரும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் முதலில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். நோயாளரின் உறவினர்களும் அதைப் பார்த்துப் பெயரோடு ‘மிஸ்’ஸும் சேர்த்து அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மற்ற விடுதிகளும் இதைச் செய்ய வேண்டும் என்று அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் கேட்கவிருக்கிறோம்.