டைனோவா ரிமோட்டா? ரெண்டு மாசமா இதே பேச்சு

நம்மகிட்ட இருக்கறது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், 1.2 லிட்டர் டர்போ, கம்பெனி கணக்குக்கு 105 பிஎஸ் பவர். டியூன் பண்ணணும்னு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை மாத்தி பவர் ஏத்தணும்னு ஆசை, ஆனா வேலூர் பக்கம் எனக்கு தெரிஞ்சு டைனோ (காரை உருளை மேல நிறுத்தி ஓட்டி பவர் அளக்கற மெஷின்) எங்கயும் இல்ல, பெங்களூர் போகணும்னா 200 கிமீக்கு மேல, ஒரு நாள் லீவு, டீசன்ட்டா ஒரு செலவு.

அதான் ரிமோட் எடுத்தேன், வீட்ல இருந்தே டியூன் பண்றது. டியூனர் ஆளுங்க சாஃப்ட்வேர் ஃபைல் அனுப்புவாங்க, நாம ஓபிடி போர்ட்ல (ஸ்டீயரிங் கீழ இருக்கற கனெக்டர்) லேப்டாப் மாட்டி ஏத்திட்டு, மூணாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல இருந்து ஃபுல்லா மிதிச்சு லாக் (எஞ்சின் சென்சார் ரெக்கார்டு) எடுத்து திருப்பி அனுப்பணும். கேக்க ஈஸி. விடிகாலை அஞ்சு மணிக்கு பள்ளிகொண்டா தாண்டி காலியான ரோடுன்னு நெனச்சு மிதிச்சா எதிர்ல ராங் சைடுல ஒரு டிராக்டர் வருது, லைட்டும் இல்ல. அன்னைக்கு லாக்கு வேஸ்ட்டு, கை நடுக்கம் மட்டும் மிச்சம்.

மெக்கானிக் பையன் சிரிக்கறான், "இன்னாண்ணா, ரோட்லயே பரிச்ச எழுதினு கீற?"

டைனோல லோடை ஒரே ஆர்பிஎம்ல புடிச்சு வெச்சு பாக்கலாம், நாக் (பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிச்சு எஞ்சினை அடிக்கறது) வந்தா அந்த செகண்டே நிறுத்திடலாம். ஆனா அங்க ஃபேன் காத்து ரோட்டு காத்து மாதிரி வராது, எஞ்சின் சீக்கிரம் சூடாகும். நம்மூர் மே மாச வெயில்ல ஓட்டி எடுத்த லாக்ல இன்டேக் டெம்பரேச்சர் (எஞ்சினுக்குள்ள போற காத்தோட சூடு) ஏற ஏற ஸ்பார்க் டைமிங்கை எஞ்சினே பின்னாடி இழுக்கறது அப்பட்டமா தெரிஞ்சுது, நம்ம ரோட்ல நெஜமா நடக்கற இது டைனோ கிராஃப்ல அப்படியே வராதுபா.

பார்ட்ஸ் எதுவும் மாத்தலன்னா ரிமோட்டே போதும்னு தோணுது. பெரிய டர்போ போட்டா மட்டும் கண்டிப்பா டைனோ தான். நமக்கு இன்னொரு பயம், இந்த காரோட டிரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்கறது 250 என்எம் டார்க் (எஞ்சினோட திருகு விசை) வரைக்கும்தான், அதனால டார்க்கை கம்மியாவே வெக்க சொல்லிருக்கேன். ரெண்டாவது ஃபைல் இன்னும் வரல.