டிரம் பேட் வாங்கின கதை

மே 4
லீவுக்கு அக்கா பையன் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு சில்வர் டப்பா சும்மா இல்லை. "மாமா, டிரம்ஸ் வாங்கித் தா." வேலூர் கொசப்பேட்டையில் மாடி போர்ஷன், கீழே ஹவுஸ் ஓனர் பாட்டி. நிஜ டிரம்ஸ் ஏறினால் நாங்கள் இறங்க வேண்டியதுதான். சுருட்டி வைக்கிற சிலிக்கான் எலக்ட்ரானிக் டிரம் பேட் ஒன்றை ஆன்லைனில் 2,900 ரூபாய்க்குப் போட்டேன். (எனக்கும் ஆசைதான்.)

மே 9
வந்துவிட்டது. விரித்தால் புதுப் பாய் மாதிரி ஓரம் தூக்குகிறது. மிளகாய்த்தூள் டப்பாவை வைத்து அமுக்கினோம். விரலால் தொட்டாலும் "டம்", குச்சியால் ஓங்கி அடித்தாலும் அதே "டம்". வேகமாக உருட்டி அடித்தால் நடுநடுவே அடி விழுவதே இல்லை. கால் பெடல் மொசைக் தரையில் வழுக்கி ஓட, பையன் காலாலேயே துரத்திக்கொண்டு போகிறான். அரை மணி நேரத்தில் மறுபடி சில்வர் டப்பாவுக்கே போய்விட்டான்.

மே 15
குடியாத்தம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் செருப்பு ஒன்று போச்சு. ராத்திரி கச்சேரி இடைவேளையில் பேட் வாசித்தவரிடம் போய் நின்றேன்.

"எத்தனை சவுண்டு கீதுன்னு பாக்காத சார். மெதுவா தட்னா மெதுவா கேக்குதா, அத்த மட்டும் பாரு" என்றார்.

அவரே விளக்கினார். நல்ல பேடில் ரப்பருக்கு அடியில் காசு மாதிரி பீசோ தகடு இருக்கும். அடி பட்டால் அதில் மின்சாரம் பிறக்கும். அடி பலமானால் அதுவும் கூடும். அதைப் பார்த்துத்தான் மெஷின் சத்தத்தை ஏற்றி இறக்குகிறது. என்னுடையது காலிங் பெல் ஜாதி, பட்டதா படவில்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 1985-ல் ரோலண்ட் கம்பெனி விட்ட முதல் ஆக்டபேடுக்கு (எட்டு பேட் வைத்த பெட்டி) சொந்தமாகச் சத்தமே கிடையாதாம். என்ன அடி விழுந்தது என்று சேதி சொல்லும் மிடி வயரில் வேறு மெஷினைப் பாட வைக்குமாம். வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு.

மே 18
காட்பாடியில் ரயிலேறி சென்னை. கடையில் யமஹா டிடி-75. எட்டு பேட், இரண்டு பெடல், ஸ்பீக்கர் உள்ளேயே. பையன் 570 சவுண்டிலேயே நின்றான். நான் ஒற்றை விரலால் தட்டினேன். மழைத்துளி மாதிரி விழுந்தது. குச்சியை எடுத்தேன், கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆறு பெரிய பேட்டரியிலும் ஓடும். எங்கள் தெரு கரண்டுக்கு அதுவும் வேண்டும். விலையைக் கேட்டதும் அக்காவுக்கு போன் போட்டேன். பாதி அவள், பாதி நான். 5ஏ சைஸ் குச்சி ஒரு ஜோடி தனியாக. புளூடூத் ஹெட்போனில் அடித்த பிறகுதான் சத்தம் வந்து சேருகிறது, அதனால் வயர் வைத்ததே வாங்கினோம்.

மே 21
வல-இட-வல-வல, இட-வல-இட-இட. மூன்று நாளாகப் பையனின் இரண்டு கைக்கும் இது ஒன்றுதான். அவன் ஹெட்போன் போட்டிருப்பதால் எனக்குக் கேட்பது "தட் தட்" மட்டும். காலையில் பாட்டி மேலே வந்தார். "இன்னாபா, ராத்திரியெல்லாம் உலக்கை போட்டு இடிக்கற மாதிரி கீது?"

பெடலை மிதிக்கிற அதிர்வு தரை வழியாக இறங்கியிருக்கிறது. ஹெட்போன் அதற்கு என்ன செய்யும்?

மே 23
2,900 ரூபாய் சிலிக்கான் பேடை நாலாக மடித்துப் பெடலுக்கு அடியில் போட்டாச்சு. வழுக்கவும் இல்லை.