அப்பாவின் போனுக்குள் ஒரு அம்மணி

அப்பா போனைப் பிடித்தால் அது உடும்புப் பிடி. நழுவிவிடுமோ என்ற பயத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அமுக்கிவிட்டார். பல ஆண்ட்ராய்டு போன்களில் அப்படி 3 விநாடி அமுக்கினால் டாக்பேக் விழித்துக்கொள்ளும். விரல் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும். பார்வையில்லாதவர்களுக்காக 2009-லேயே வந்த வசதி இது.

அப்பாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? யாரோ லைனில் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"பேட்டரி 41 சதவீதம்."

"சரிம்மா, யார் பேசறது?"

"கேலரி. திறக்க இருமுறை தட்டவும்."

"ஒரு தடவை சொன்னாலே எனக்குக் கேக்குதும்மா."

டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால் படிக்க மட்டும்தான் செய்யும். திறக்க இரண்டு தட்டு, திரையை நகர்த்த இரண்டு விரல். போதாததற்கு, வயதானால் விரல் தோல் உலர்ந்துவிடும். தொடுதிரை தோலின் மின்தன்மையை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. உலர்ந்த விரலைச் சில சமயம் கண்டுகொள்ளாது. "நல்லா அழுத்துங்க" என்று அம்மா வேறு உசுப்பேற்ற, திரை பிழைத்ததே பெரிது.

நான் வந்து அதே பொத்தான்களை அமுக்கி அம்மணியின் வாயை அடைத்தேன். அப்பாவுக்குக் கோபம். "எதுக்குடா நிறுத்தினே? கண்ணாடியைத் தேடாம மெசேஜ் கேட்டுட்டிருந்தேன்!"

நியாயம்தான். திரும்ப வரவழைத்தேன். வயதானவர்களுக்குக் கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும் என்பதால், அமைப்புகளுக்குள் போய்க் குரலைக் கனமாக்கி வேகத்தையும் குறைத்தேன். இப்போது ஜலதோஷம் பிடித்த தலைமையாசிரியை மாதிரி பேசுகிறாள். அப்பாவுக்கு ஏகத் திருப்தி. "உங்களைவிடப் பொறுமையா சொல்றா." அம்மாவின் போனிலும் போடச் சொல்லிவிட்டார்.

அம்மணிக்கு ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாது. அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. நேற்று எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது அம்மா போனில் விரல் வைத்தார். அட்சரம் பிசகாமல், கடைசியில் இருந்த எமோஜியைக்கூட விடாமல், நிறுத்தி நிதானமாக வந்தது:

"பெரிய மருமகள். அத்தை, கார் இடிச்ச விஷயம் மாமாவுக்குத் தெரிய வேண்டாம். ஆனந்தக் கண்ணீருடன் முகம்."

அப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. போன் பக்கம் குனிந்தார்.

"எப்ப இடிச்சதும்மா?"