நடுகல் படங்களுக்கு ஒரு சின்ன நாஸ் பெட்டி

தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கம் நடுகற்களைத் தேடிப்போய்ப் படம் எடுப்பது எனக்கு எட்டு வருடப் பழக்கம். சாய்ந்த வெயில் பட்டால்தான் எழுத்து தெரியும் என்பதால் ஒரே கல்லை முப்பது, நாற்பது தடவை எடுப்பேன். அப்படிச் சேர்ந்தது 1.4 டிபி. எல்லாமே ஒரே யூஎஸ்பி டிஸ்க்கில் இருந்தது. போன மார்கழியில் அது டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

இந்தப் பக்கம் நிறைய நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அப்படி ஒரு கல்லுக்கு, நான் எடுத்த அடுத்த வருடமே எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். எழுத்து தெரியும் படம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. நல்லவேளை, முழுதாகச் சாவதற்குள் லேப்டாப்பிலும் கடன் வாங்கிய டிஸ்க்கிலுமாகப் பிரித்துக் கொட்டிவிட்டேன்.

அப்புறம்தான் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி வைக்கும் டிஸ்க் பெட்டி, தேட ஆரம்பித்தேன். டிஸ்க்கோடு சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓபன்மீடியாவால்ட் என்ற இலவச நாஸ் மென்பொருளைப் போட்டால் செலவு குறைவுதான். ஆனால் அதன் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். இரண்டு டிஸ்க் மாட்டினால் தனிக் கரண்ட் உள்ள ஹப் வேண்டும். மேசையில் ஒயர் மேல் ஒயர். வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டு டிஸ்க் பெட்டி வாங்கி மிரர் போடு, அதாவது எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வை என்றுதான் கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால், மிரரில் ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் போய்விடும். இடி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தேதான் போகும். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, அவ்வளவுதான் அதன் பலன். வேலை ஒரு வாரம் நின்றால் எனக்கு ஒன்றும் இல்லை, படம் போகக் கூடாது. அதனால் ஒற்றை டிஸ்க் போடும் சினாலஜி டிஎஸ்124 வாங்கினேன். மிச்சப் பணத்தில் ஒரு யூஎஸ்பி டிஸ்க். பெட்டிக்குள்ளே நாஸுக்கென்றே வரும் 4 டிபி ஐயன்வுல்ஃப் டிஸ்க். விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றில் எஸ்எம்ஆர் முறையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், நிறைய எழுதும்போது வேகம் படுத்துவிடும். தடங்கள் அப்படிப் படியாத சிஎம்ஆர்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் நாள் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. கணக்குப் போட்டால் மொத்தமும் போய்ச்சேர 35 மணி நேரம். பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது. அது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் நொடிக்கு 12 எம்பி சொச்சம்தான். ரவுட்டரோ ஜிகாபிட், அதைப்போலப் பத்து மடங்கு. அரை நாள் தேடிய பிறகு கேபிள் முனையில் பார்த்தேன், பழுப்பு ஒயர் சரியாக அழுந்தவில்லை. 100-க்கு நாலு ஒயர் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ரெடிமேட் கேட் 6 கேபிள் மாட்டியதும் 105, 110 என்று ஓடியது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன், விடியும்போது முடிந்திருந்தது.

கரண்ட் இன்னொரு தொல்லை. இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தச் சின்ன இடைவெளியிலேயே பெட்டி அணைந்து மறுபடி எழுந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆவது டிஸ்க்குக்கு நல்லதில்லை. யூஎஸ்பி ஒயர் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கிப் பெட்டியோடு இணைத்தேன். பேட்டரி இறங்கினால் பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்கிறது. மின்கட்டணம் பயப்படுகிற அளவு இல்லை: 10 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட் வராது.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் எதுவும், அதாவது இணையத்திலிருந்து பெட்டிக்கு வரும் வழி எதுவும், திறக்கவில்லை. 2022-இல் டெட்போல்ட் என்ற மால்வேர், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

மாதம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கில் ஃபோல்டர்களை அப்படியே நகல் எடுத்துப் பாலக்கோட்டில் அக்கா வீட்டு பீரோவில் வைக்கிறேன். போன ஞாயிறு அங்கேயே லேப்டாப்பில் மாட்டி அந்த வேடியப்பன் படத்தைத் திறந்து பார்த்தேன். எழுத்து அப்படியே இருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“கீழ மாடு மாதிரி தெரியுதே தம்பி?”

“மாடுதான் அக்கா. அதை மீட்கப் போய்ச் செத்தவன் கல்லு இது.”